சென்ட்ரல் என்ன நிறம்? கறுப்பு வெள்ளைப் படங்கள் மறைச்ச சென்னை

இன்னைக்கு ரொம்ப ஈஸியான ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் என்ன நிறம்?

சிவப்பு. ஒரே ஒரு தடவை அங்க இறங்கினவங்களுக்குக்கூட இது தெரியும். சரி, அடுத்த கேள்வி. சென்னைக்கே வராத ஒருத்தர், 1880கள்ல எடுத்த ஒரு போட்டோல மட்டும் சென்ட்ரலைப் பார்த்திருக்கார்னு வெச்சுக்கோங்க. அவர்கிட்ட இதே கேள்வியைக் கேட்டா என்ன சொல்வார்? அடர் சாம்பல்னு சொல்வார். கருங்கல்லுல கட்டினதோன்னுகூட நினைப்பார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நாம ஆதாரமா பார்க்கிறோம். "போட்டோவே இருக்குப்பா, வேற என்ன வேணும்?"னு கேட்டா எதிர்ல இருக்கிறவர் அடங்கிடுவார். ஆனா அந்தப் படம் விழுந்த கண்ணாடித் தகடு, உலகத்தை நம்ம கண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கல. அது எதைப் பார்த்துச்சு, எதை விட்டுச்சு, அதனால நம்ம ஊரைப் பத்தி நாம என்னெல்லாம் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கோம்? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

நாலு கட்டடம், ஒரே சாலை

நிறைய இடத்துக்குப் போக வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில, இப்போ பெரியார் ஈ.வெ.ரா. சாலைன்னு சொல்றோமே, அங்க சென்ட்ரலுக்கு எதிர்ல நின்னாலே போதும்.

முதல்ல சென்ட்ரல். 1873ல திறந்தாங்க. வடிவமைச்சது ஜார்ஜ் ஹார்டிங். நாம இன்னைக்கு அடையாளமா நினைக்கிற மணிக்கூண்டு அப்புறமா சேர்ந்தது. அதுல ராபர்ட் சிஷோமோட கை இருக்கு. கொஞ்சம் தள்ளி விக்டோரியா பப்ளிக் ஹால். அதுவும் சிவப்பு, அதுவும் சிஷோம். அதுக்கும் அந்தப் பக்கம் ரிப்பன் மாளிகை, நம்ம மாநகராட்சி அலுவலகம். 1913ல வந்தது, தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை.

நாலாவது கட்டடம் இப்போ இல்ல. மூர் மார்க்கெட். 1898ல அடிக்கல், 1900ல திறப்பு. பிராட்வேல இருந்த பாப்பம்ஸ் மார்க்கெட் வியாபாரிகளுக்காகக் கட்டினது. மாநகராட்சித் தலைவரா இருந்த ஜார்ஜ் மூரோட பேரை வெச்சாங்க. 1985 மே மாசம் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. இன்னைக்கு நீங்க ஆவடிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ லோக்கல் ட்ரெயின் பிடிக்கிற இடம், 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்'னு போர்டு இருக்குமே, அந்த இடம்தான்.

ஆக மூணு சிவப்பு, ஒரு வெள்ளை. மூணு சிவப்புல ஒண்ணு இல்லாமலே போயிடுச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க.

இருட்டறையில ஏன் சிவப்பு பல்பு?

பழைய சினிமால ஸ்டூடியோ சீன் பார்த்திருப்பீங்க. இருட்டு ரூம், கயித்துல கிளிப் போட்டுத் தொங்குற போட்டோ, மேல ஒரு சிவப்பு பல்பு. ஏன் சிவப்பு? பச்சை பல்போ நீல பல்போ ஏன் போடல?

காரணம் ரொம்ப எளிமை. போட்டோ தாள்ல இருக்கிற வெள்ளி உப்புக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. நீலம் பட்டா உடனே கறுக்கும். சிவப்பு பட்டா ஒண்ணும் ஆகாது. அதனால அந்த பல்பு எரிஞ்சாலும் தாளைப் பொறுத்தவரை அந்த ரூம் இருட்டுதான்.

இப்போ அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. 19ஆம் நூற்றாண்டுல கேமராக்குள்ள இருந்த தகடும் இதே மாதிரி வெள்ளி உப்பு பூசினதுதான். நீலம், ஊதா, அதையும் தாண்டி நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வரைக்கும் அதுக்குத் தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட தகட்டை சென்ட்ரல் முன்னாடி நிறுத்தினா என்ன ஆகும்? சிவப்புக் கட்டடத்துலேருந்து வர்ற வெளிச்சம் அதை அவ்வளவா பாதிக்காது. அங்க வெளிச்சமே இல்லைன்னு தகடு முடிவு பண்ணிடும். பிரிண்ட் போடும்போது அந்த இடம் இருட்டா விழும். மேல நீல வானம் இருக்கே, அது எக்கச்சக்கமா பதிஞ்சு வெறும் வெள்ளைத் தாளா வந்துடும்.

இந்த வெள்ளை வானம் போட்டோகிராபர்களுக்கே எரிச்சலாதான் இருந்துச்சு. லின்னேயஸ் ட்ரைப்னு ஒருத்தர், கம்பெனி ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசுக்குப் போட்டோகிராபரா இருந்தவர். 1857 கடைசியிலயும் 1858லயும் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர்னு மாட்டு வண்டியில சாமான் ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போய்ப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்டை 21 படமா எடுத்து, ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். பனோரமான்னு இன்னைக்கு நம்ம போன் பண்ற வேலை. அந்த மனுஷன் தன்னோட சில நெகட்டிவ்ல தூரிகையால மேகம் வரைஞ்சிருக்கார்! வானம் மொட்டையா வருதேன்னு. அதனால ட்ரைப் எடுத்த படத்துல அழகான மேகம் தெரிஞ்சா, 1858ல அன்னைக்கு மழை மேகம் போட்டிருந்துச்சுன்னு எழுதிடாதீங்க. அது அவர் கையால வரைஞ்ச மேகமா இருக்கலாம்.

இந்தச் சிவப்புப் பிரச்சினைக்கு முதல் தீர்வு கண்டுபிடிச்சவர் ஹெர்மன் ஃபோகல்னு ஒரு ஜெர்மன் வேதியியல் பேராசிரியர். தகட்டுல குறிப்பிட்ட சாயத்தைச் சேர்த்தா பச்சையும் பதியுதுன்னு பெர்லின்ல அவர் கண்டுபிடிச்சது 1873ல. சென்ட்ரல் திறந்த அதே வருஷம்! ஆனா சிவப்பு வரைக்கும் எல்லா நிறத்தையும் பார்க்கிற 'பான்குரோமேட்டிக்' தகடு கடைக்கு வந்தது 1906லதான். இங்கிலாந்துல ராட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பெனி போட்டது. அது எல்லார் கைக்கும் போய்ச் சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. அதாவது, சென்ட்ரல் பிறந்து முதல் 30 வருஷம், அதைப் படம் எடுத்த எந்தக் கேமராவுக்கும் அதோட நிறம் சரியா தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஆளுங்களுக்குக் கணக்கு இல்லாம எபிசோட் முடியாது. போன்ல ஒரு கலர் படம் எடுத்தா, ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு நம்பர் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொண்ணும் 0லேருந்து 255 வரை. இதைச் சாம்பலா மாத்த பழைய டிவி காலத்துலேருந்து ஒரு ஃபார்முலா இருக்கு: சிவப்புல 0.299 பங்கு, பச்சையில 0.587 பங்கு, நீலத்துல 0.114 பங்கு எடுத்துக் கூட்டணும். நம்ம கண்ணு பச்சையைத்தான் அதிகம் கவனிக்கும், அதனால அதுக்கு வெயிட்டேஜ் அதிகம்.

உதாரணத்துக்கு செங்கல் சிவப்பை 170, 60, 45ன்னு எடுத்துக்கலாம். வானம் 110, 170, 230. ரிப்பன் மாளிகை வெள்ளை 235, 235, 230.

ஃபார்முலா போட்டா சென்ட்ரல் 91, வானம் 159, ரிப்பன் 234. கட்டடம் அடர் சாம்பல், வானம் நடு சாம்பல், ரிப்பன் பளிச். பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

இப்போ 1870கள்ல இருந்த தகடு மாதிரி நீலத்தை மட்டும் எடுங்க. சென்ட்ரல் 45. கிட்டத்தட்ட கறுப்பு. வானம் 230. ரிப்பன்? அதுவும் 230. வெள்ளைக் கட்டடம் வானத்தோட கரைஞ்சே போயிடுது!

அடுத்து சிவப்பை மட்டும் எடுங்க. லென்ஸ் மேல சிவப்பு ஃபில்டர் போடுற மாதிரி. சென்ட்ரல் 170, வானம் 110. கதை தலைகீழ். இருண்ட வானத்துக்கு முன்னாடி வெளுத்த சென்ட்ரல் நிக்குது.

ஒரே கட்டடம், ஒரே நிமிஷம், ஒரே வெயில். மூணுமே 'கறுப்பு வெள்ளைப் படம்'தான். எது உண்மைன்னு கேட்டா பதில் கிடையாது. எந்த நிறத்தை வெச்சுக்கிட்டு எதைத் தூக்கிப் போட்டோம்னுதான் சொல்ல முடியும். நாம ஃபில்டர் போடும்போது அந்த முடிவை ஆப் எடுக்குது. அந்தக் காலத்துல வேதியியல் எடுத்துச்சு.

"எவ்ளோ காலியா இருந்திருக்கு பாரு!"

நிறம் மட்டும் காணாம போகல. ஆளுங்களும் காணாம போனாங்க.

இதுக்கு உலகத்துலயே பிரபலமான உதாரணம் பாரிஸ்ல இருக்கு. 1838ல லூயி டாகேர் தன் ஜன்னல்லேருந்து பூல்வார் தூ தாம்பிள்ங்கிற பரபரப்பான தெருவைப் படம் எடுத்தார். படத்துல தெரு வெறிச்சோடிக் கிடக்கு. வண்டி இல்ல, குதிரை இல்ல. ஓரமா ஒரே ஒருத்தர் நிக்கிறார். ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தார். படம் பதிய பல நிமிஷம் ஆச்சு. அந்த நேரத்துல நடந்தவங்க, ஓடினவங்க, வண்டி ஓட்டினவங்க யாருமே பதியல. அசையாம நின்னதால அவர் மட்டும் பதிஞ்சார்.

நம்ம ஊரோட ஆரம்பகாலப் படங்கள்லயும் இதே கதைதான். காகித நெகட்டிவ்ல கோபுரம் நிக்கும், மண்டபம் நிக்கும், தேர் நிக்கும். பூக்காரம்மா நிக்க மாட்டாங்க. 1880கள்ல வேகமான உலர் தகடுகள் பரவின பிறகுதான் தெருவுல நடக்கிற மனுஷன் படத்துல ஒழுங்கா வர ஆரம்பிச்சான்.

பழைய மெட்ராஸ் போட்டோ எதுக்குக் கீழ பார்த்தாலும் ஒரு கமெண்ட் இருக்கும்: "அப்போ எவ்ளோ காலியா, அமைதியா இருந்திருக்கு!" 1871 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னையில ஏறக்குறைய 4 லட்சம் பேர். 1901ல 5 லட்சத்தைத் தாண்டிடுச்சு. இன்னைக்கு இருக்கிற கூட்டம் இல்லதான், ஆனா காலி ஊரும் இல்ல. மூட்டை தூக்கினவங்க, ஜட்கா ஓட்டினவங்க, தண்ணி சுமந்தவங்க எல்லாரும் அங்கதான் இருந்தாங்க. அவங்க நின்னு போஸ் கொடுக்கிற வேலையில இல்ல. வேலை செஞ்சதாலயே படத்துலேருந்து அழிஞ்சாங்க. அதைப் பார்த்துட்டு நாம 'அமைதி'ன்னு சொல்றோம்.

நிறத்துக்கு யார் சாட்சி?

"சரிப்பா, சென்ட்ரல் சிவப்போ சாம்பலோ, இதனால யாருக்கு என்ன நஷ்டம்?"னு கேக்கலாம். ஒரு நிஜ சம்பவம் இருக்கு.

2005ல சென்ட்ரல்ல சில கட்டடங்களுக்கு வெளிர் பழுப்பு நிறம் அடிச்சாங்க. ஊர்க்காரங்களுக்குப் பிடிக்கல. இது எங்க சென்ட்ரலே இல்லைன்னு எதிர்ப்பு கிளம்பிச்சு. கடைசியில திரும்பவும் பழைய செங்கல் சிவப்பையே அடிச்சாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கட்டடம் கண்ணு முன்னாடி இருந்துச்சு, அதைத் தினமும் பார்த்த லட்சக்கணக்கான பேர் இருந்தாங்க. அதனால வாதாட முடிஞ்சது. ஒருவேளை நம்மகிட்ட இருந்தது 1880கள்ல எடுத்த போட்டோ மட்டும்தான்னா? "அப்போ அடர்த்தியான நிறமா இருந்திருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். சிவப்பா, கரும்பச்சையா, காபிக்கொட்டை நிறமான்னு அந்தப் படம் வாயைத் திறக்காது.

இந்த இடத்துலதான் இப்போ ஏஐ வருது. பழைய படத்தைப் போட்டா ரெண்டே செகண்ட்ல கலராக்கித் தருது. லைக் அள்ளுது. ஆனா கணக்கு என்ன சொல்லுது? மூணு நம்பர்ல மொத்தம் 1,67,77,216 நிறம் உண்டு. சாம்பல் வெறும் 256. சராசரியா ஒரு சாம்பலுக்குப் பின்னாடி 65,536 நிறம் ஒளிஞ்சிருக்கு. நம்ம செங்கல் சிவப்பு 91ன்னு வந்துச்சே, 60, 110, 75ன்னு ஒரு கரும்பச்சையை எடுத்துக் கணக்குப் போடுங்க, அதுக்கும் 91தான் வரும். ஏஐ திரும்பப் போகல, ஊகிக்குது. தான் பார்த்த லட்சக்கணக்கான மத்த படங்களை வெச்சு, இங்க இந்த நிறம் இருக்கலாம்னு பூசுது.

இது புதுசும் இல்ல. 1900களோட தொடக்கத்துல ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் மாதிரி கம்பெனிகள் சென்னைக் காட்சிகளை அஞ்சலட்டையா போட்டு வித்தாங்க. அந்தக் காலத்து இந்திய அட்டைகள் நிறைய ஜெர்மனியில அச்சாச்சு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அங்க உக்காந்து நிறம் சேர்த்தவங்க நம்ம ஊரைப் பார்த்தவங்க இல்ல. கையில இருக்கிற குறிப்பு, மீதி கற்பனை. ஏஐ செய்யுறதும் அதே வேலைதான், வேகம்தான் வேற.

மூர் மார்க்கெட்டுக்கு வருவோம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பொம்மை, கிளி, முயல்னு கிடைக்காத பொருளே இல்லைன்னு சொல்வாங்க. மிச்சம் இருக்கிற படங்கள்ல பிரபலமானது எல்லாம் கட்டடத்தோட முகப்பு. வளைவுகள், கூரை, முன்னாடி தோட்டம். ரயில்வே வளாகத்துல ஒரு சின்ன மாதிரிக் கட்டடமும் வெச்சிருக்காங்க. ஆனா உள்ள இருந்த சந்து, கடைக்கு மேல கட்டின படுதா, கிளிக்கூண்டு, புத்தகக் குவியல், அதெல்லாம் என்ன நிறத்துல இருந்துச்சு? அதுக்கு உயிரோட இருக்கிற சாட்சி, அங்க பேரம் பேசி வாங்கினவங்கதான். 1985ல 20 வயசு இருந்தவங்களுக்கு இப்போ 60 வயசு ஆகிட்டுது. நம்ம அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை வயசுதான்.

அப்போ கறுப்பு வெள்ளையில எடுக்கவே கூடாதா?

தாராளமா எடுங்க. நானும் எடுப்பேன். சென்னை மத்தியான வெயில்ல கலர் எல்லாம் வெளுத்துடும். ஆனா அதே வெயில்ல உயர்நீதிமன்றத்தோட வளைவுகள்ல விழுற நிழல் இருக்கே, அது கறுப்பு வெள்ளைக்குன்னே செஞ்சது. 1892ல வந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தோட கோபுரம் 1894லேருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்காவும் வேலை பார்த்துச்சு. அதோட செதுக்கல் வேலை நிறம் இல்லாமப் பார்க்கும்போதுதான் துல்லியமா தெரியும். ஃபிளெக்ஸ் பேனர், தடுப்புப் பலகை, ஆட்டோ மஞ்சள் எல்லாம் பின்னாடி போய், கட்டடம் முன்னாடி வரும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளை போட்டா படத்துக்கு வயசு கூடிடுது. கறுப்பு வெள்ளை சினிமால ஹீரோ மெட்ராஸ் வந்து சேர்ந்துட்டார்னு காட்ட சென்ட்ரல், எல்ஐசின்னு வரிசையா காட்டுவாங்களே, அந்தப் பழக்கம் நம்ம கண்ணுல ஒட்டிக்கிச்சு. அதனால நேத்து எடுத்த படம்கூட 1960 மாதிரி தெரியுது. அழகுதான். ஆனா 50 வருஷம் கழிச்சு அதை யாராவது பார்த்தா, எந்த வருஷம்னு குழம்புவாங்க. அவங்களுக்கு நாம மூணு உதவி பண்ணலாம்.

ஒண்ணு, போன்ல மோனோ மோடுல எடுக்காதீங்க. கலர்ல எடுத்துட்டு அப்புறம் மாத்துங்க, கலர் ஒரிஜினலை அழிக்காதீங்க. கலர்லேருந்து சாம்பலுக்கு எப்ப வேணும்னாலும் போகலாம், திரும்பி வர முடியாது. மாத்தும்போது எடிட்டிங் ஆப்ல ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்குற வசதி இருக்கான்னு பாருங்க. சென்ட்ரல் படத்துல சிவப்பையும் நீலத்தையும் மாத்தி மாத்தி நகர்த்துங்க. நான் மேல சொன்ன கணக்கு முழுசும் கண்ணு முன்னாடி நடக்கும்.

ரெண்டு, தேதியும் இடமும் எழுதி வைங்க. ஏஐ வெச்சு கலராக்கின பழைய படத்தைப் பகிர்ந்தா, அதையும் ஒரு வரி எழுதுங்க. இல்லைன்னா நாளைக்கு அதுவே 'ஆதாரம்' ஆகிடும்.

மூணாவது, இதுதான் எனக்கு முக்கியம். அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா, பழைய மூர் மார்க்கெட் படம் ஒண்ணை அவங்க கையில கொடுங்க. போன்ல ரெக்கார்ட் போட்டுட்டு, "இது எப்படி இருக்கும்?"னு பொதுவா கேக்காம, "இந்தச் சுவர் என்ன கலர்? இந்தக் கடைக்கு மேல என்ன கட்டியிருந்தாங்க? இங்க யார் உக்காந்திருப்பாங்க?"ன்னு கேளுங்க. ஞாபகமும் தப்பும்தான், ஒத்துக்கிறேன். அத்தை ஒரு நிறம் சொல்வாங்க, பெரியப்பா இன்னொண்ணு சொல்வார். சண்டை போடட்டும். 256 சாம்பலுக்குள்ள இல்லாத தகவல் அந்தச் சண்டையிலதான் வெளிய வரும்.

அப்படி ஏதாவது ரெக்கார்ட் பண்ணினா எங்களுக்கும் அனுப்புங்க. அவங்க சம்மதிச்சா, அதையெல்லாம் தொகுத்து ஒரு தனி எபிசோட் போடலாம். இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, உங்க குரூப்ல 'ஓல்ட் மெட்ராஸ்' ஃபார்வர்டு அனுப்பிக்கிட்டே இருக்கிற அந்த ஒருத்தருக்கு மறக்காம ஷேர் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.